விளையாட்டு விதி யாருக்குச் சொந்தம்?

கம்பெனி லைசென்சை மாற்றினால், ஆடுகிறவர்கள் பகிஷ்காரம் செய்யலாமா?

சேலம் மாவட்டத்தில் இருக்கிறது தம்மம்பட்டி. கொல்லிமலையும் பச்சைமலையும் அருகே நிற்கும் ஊர். மரச்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர்.

வாகை மரத்தை அறுத்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இங்கே சாமி சிலைகளைச் செதுக்குகிறார்கள். பிள்ளையார் உண்டு; தசாவதாரம் உண்டு; கோவில் வாகனங்களும் உண்டு.

சிற்பிக்கு ஒரு கணக்கு உண்டு. சிலையின் முக நீளம் ஒரு தாளம். உயரம் ஒன்பது தாளம் என்றால், அது நவதாளச் சிலை.

இந்தக் கணக்கு யாருடைய சொத்து? யாருடைய சொத்தும் அல்ல. தம்மம்பட்டிக்காரரும் அதை வைத்துச் செதுக்கலாம். பக்கத்திலுள்ள அரும்பாவூர்க்காரரும் செதுக்கலாம். ஆனால், செதுக்கி முடித்த சிலை? அது செதுக்கியவருடையது. அதை விற்ற காசும் அவருடையது.

ஒரு நாள் யாரோ ஒருவர் வந்து, "இந்தக் கணக்கைப் புத்தகமாகப் போட்டவன் நான். இனி உன் வரவில் கால் பங்கை எனக்குக் கொடு. நீ செதுக்கிய சிலையை நானும் எடுத்து விற்றுக்கொள்வேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

ஊரே கொதித்து எழும் அல்லவா?

ஏறக்குறைய இதே மாதிரி ஒரு சங்கதி அமெரிக்காவில் நடந்தது. நடந்த ஆண்டு 2023. சண்டை சிலைக்காக அல்ல, விளையாட்டுக்காக!

கதை சொல்லும் ஆட்டம்

அந்த ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. 'நிலவறைகளும் பறவை நாகங்களும்' என்று சொல்லலாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து உண்டாக்கியது. 1974-ம் ஆண்டு வெளிவந்தது.

நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். நம் தெருக்கூத்தில் கட்டியக்காரன் கூத்தை நடத்திச் செல்வது போல! மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் ஏற்பார்கள். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர்.

"எதிரே பாழடைந்த கோட்டை. உள்ளே போகிறீர்களா?" என்று கதை நடத்துபவர் கேட்பார்.

"போகிறேன்" என்பார் வீரர்.

பூதம் வரும். வாளை ஓங்கினால் அடி விழுமா, விழாதா? அதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். இந்த ஆட்டத்தின் முக்கியமான பகடைக்கு 20 பக்கம்!

இந்த ஆட்டத்தை வெளியிடும் கம்பெனிக்கு 'விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்' என்று பெயர். 1999-ல் அதை 'ஹாஸ்ப்ரோ' என்ற பெரிய பொம்மைக் கம்பெனி வாங்கிவிட்டது.

திறந்த கதவு

இப்படி ஓர் ஆட்டத்துக்குக் கதைகள் நிறைய வேண்டும். புதுப் பூதம் வேண்டும். புது ஊர் வேண்டும். புதுப் புதையல் வேண்டும். அத்தனையையும் ஒரே கம்பெனி எழுத முடியுமா? முடியாது.

அதனால் 2000-ம் ஆண்டில் கம்பெனி ஒரு லைசென்சு வெளியிட்டது. 'திறந்த ஆட்ட லைசென்சு' என்று அதற்குப் பெயர். "எங்கள் விதிகளை வைத்து யார் வேண்டுமானாலும் கதைப் புத்தகம் எழுதலாம், விற்கலாம், எங்களுக்குக் காசு தர வேண்டாம்" என்பது அதன் சாரம்.

இதனால் கம்பெனிக்கு என்ன லாபம்? பிறர் எழுதிய கதையை வாங்குகிறவர், ஆட்டத்தின் மூலப் புத்தகத்தையும் வாங்குவார். அந்த மூலப் புத்தகத்தை விற்பது கம்பெனிதான்!

இரண்டு பக்கமும் வாழ்ந்தது. சின்னச் சின்னப் பதிப்பகங்கள் முளைத்தன. படம் வரைகிறவர், கதை எழுதுகிறவர், அச்சுப் போடுகிறவர் என்று பலர் இதையே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்தினார்கள்.

2008-ல் ஒரு முறை கம்பெனி புத்தி மாறியது. ஆட்டத்தின் நான்காம் பதிப்பைக் கொண்டுவந்து, அதற்குக் கெடுபிடியான வேறு லைசென்சு வைத்தது. 'பைசோ' என்ற பதிப்பகம் அதை ஏற்கவில்லை. பழைய திறந்த லைசென்சை வைத்துக்கொண்டே 'பாத்பைண்டர்' என்ற சொந்த ஆட்டத்தை 2009-ல் வெளியிட்டது. மூத்த ஆட்டத்துக்கே அது பலத்த போட்டி ஆகிவிட்டது!

அந்தப் பாடம் 15 ஆண்டுகளில் மறந்துபோயிற்று.

ஒரு சொல்லில் வந்த வம்பு

2023 ஜனவரி முதல் வாரம். கம்பெனி தயாரித்து வைத்திருந்த புது லைசென்சின் நகல் வெளியே கசிந்தது. பத்திரிகையில் அந்தச் செய்தி வந்ததும் ஆட்டக்காரர்கள் திடுக்கிட்டார்கள்.

அதில் என்ன இருந்தது?

பழைய லைசென்சு இனிச் செல்லாது என்று இருந்தது. ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலருக்கு மேல் வரவு வந்தால் கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஏழரை லட்சம் டாலருக்கு மேல் போனால், மேற்கொண்டு வரும் தொகையில் நூற்றுக்கு 25 பங்கைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். பிறர் எழுதியதைக் கம்பெனி இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, இந்த நிபந்தனைகளையும் மாற்றலாம்!

ஏழரை லட்சம் டாலர் என்றால், அப்போதைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாய். "அவ்வளவு சம்பாதிக்கிறவன் கொடுத்தால் என்ன?" என்று தோன்றும். ஆனால் கவனிக்க வேண்டும்: கேட்டது லாபத்தில் பங்கு அல்ல. மொத்த வரவில் பங்கு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ரூபாய்க்கு ஒரு புத்தகம் விற்கிறது. காகிதம், அச்சு, வண்டிக் கூலி, கடைக்காரர் கழிவு, எழுதியவர் கூலி எல்லாம் போக 15 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் 25 ரூபாயை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? கைமுதலில் இருந்துதான்!

"என்றென்றைக்கும் செல்லும் லைசென்சு ஆயிற்றே! அதை எப்படி ரத்து செய்யலாம்?" என்று பதிப்பகத்தார் கேட்டார்கள்.

அங்கேதான் வம்பு. பழைய லைசென்சில், "அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி இருந்தது. "பழைய பதிப்பின் அங்கீகாரத்தை நாங்கள் எடுத்துவிட்டால் அது செல்லாது" என்று கம்பெனி அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற ஒரே சொல்! 23 ஆண்டுத் தொழில் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

லைசென்சு உருவாகக் காரணமாக இருந்த ரையன் டான்சி என்பவரே, "அப்படி ரத்து செய்யும் அதிகாரம் கம்பெனிக்குக் கிடையாது" என்ற கருத்தைச் சொன்னார். முன்பு கம்பெனியே வெளியிட்டிருந்த கேள்வி-பதில் விளக்கத்திலும், 'பிற்பாடு நாங்கள் செய்யும் மாற்றம் பிடிக்காவிட்டால் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளலாம்' என்ற பொருளில் பதில் இருந்தது.

பகிஷ்காரம் தொடங்கியது

ஆட்டக்காரர்கள் கூட்டம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஒரே ஒரு காரியம் செய்தார்கள். சந்தாவை நிறுத்தினார்கள்!

கம்பெனிக்கு 'டி அண்டு டி பியாண்டு' என்ற இன்டர்நெட் தளம் உண்டு. மாதச் சந்தா கட்டி ஆட்டத்துக்கு அதைப் பயன்படுத்துவார்கள். 2022-ல்தான் சுமார் 14 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி அதை வாங்கியிருந்தது. "எல்லாரும் சந்தாவை ரத்து செய்யுங்கள்" என்று செய்தி பரவியது. ரத்து செய்யப் போனவர்கள் கூட்டம் தாங்காமல் அந்தப் பக்கமே திணறியது.

பல்லாயிரம் பேர் பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பைசோ பதிப்பகம், "எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தம் ஆகாத புதுத் திறந்த லைசென்சை உண்டாக்குவோம்" என்று ஜனவரி 12-ந் தேதி அறிவித்தது. பல பதிப்பகங்கள் அதில் சேர்ந்தன. பாத்பைண்டர் மூலப் புத்தகத்தை மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். எட்டு மாதத்துக்குப் போதும் என்று வைத்திருந்த புத்தகங்கள் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டன என்று பைசோ தெரிவித்தது!

மறுநாளே, ஜனவரி 13-ந் தேதி, கம்பெனி ஓர் அறிக்கை விட்டது. "பங்கு கேட்கும் நிபந்தனை இராது" என்றது. ஆனால் பழைய லைசென்சை ரத்து செய்யும் எண்ணத்தை அப்போதும் கைவிடவில்லை. அடுத்த வாரம் வேறொரு நகலைக் காட்டி, எல்லாரிடமும் கருத்துக் கேட்டது.

15 ஆயிரம் பேருக்கு மேல் பதில் அனுப்பினார்கள். பழைய லைசென்சை ரத்து செய்வது பிடிக்கவில்லை என்று நூற்றுக்கு 89 பேர் சொன்னார்கள்.

ஜனவரி 27-ந் தேதி கம்பெனி பணிந்தது. பழைய லைசென்சைத் தொடுவதில்லை என்று அறிவித்தது. அத்துடன் நிற்கவில்லை. ஆட்டத்தின் அடிப்படை விதிகள் அடங்கிய சுமார் 400 பக்கங்களை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற பொது உரிமையில் வெளியிட்டுவிட்டது. ஒரு முறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாத உரிமை அது!

நகல் கசிந்த நாளில் இருந்து, பணிந்த நாள் வரை சுமார் மூன்று வாரம்தான் ஆயிற்று.

கம்பெனி தரப்பு நியாயம்

கம்பெனி பக்கம் நியாயமே இல்லையா? கொஞ்சம் உண்டு.

ஆட்டத்தின் பெயரை நாடறியச் செய்தது கம்பெனி. அதற்குப் பணம் செலவு செய்தது கம்பெனி. வேறு பெரிய முதலாளிகள் வந்து அந்தப் பெயரின் நிழலில் காசு பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? சாதி, இனம், நிறம் பேசி வெறுப்பை வளர்க்கும் புத்தகங்கள் தங்கள் ஆட்டத்தோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் தங்கள் நோக்கம் என்று கம்பெனி சொன்னது.

இவை நியாயமான கவலைகள்தான். அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்துக் கொண்டுவரும் ஆட்டத்துக்குப் புது நிபந்தனை வைத்திருக்கலாம். ஏற்கிறவர் ஏற்பார், விலகுகிறவர் விலகுவார். கொடுத்த வாக்கை நம்பி 23 ஆண்டு தொழில் செய்தவர்களின் காலுக்குக் கீழே இருந்த பலகையை இழுத்ததுதான் தவறு.

நம் நாட்டிலும் நடந்த வழக்கு

இது வெள்ளைக்காரர் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இதே ஹாஸ்ப்ரோ கம்பெனியோடு மோதிய இந்தியர்கள் உண்டு.

கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜெயந்த் அகர்வாலா என்ற சகோதரர்கள், இன்டர்நெட்டில் ஆடும் சொல் விளையாட்டு ஒன்றை உண்டாக்கினார்கள். 'ஸ்கிராபுலஸ்' என்று பெயர் வைத்தார்கள். 'ஸ்கிராபிள்' என்ற பழைய ஆட்டத்தின் சாயல் அது. 2007-ல் பேஸ்புக்கில் ஏறியது. நாளொன்றுக்கு லட்சக்கணக்கானவர்கள் ஆடினார்கள்.

ஸ்கிராபிள் ஆட்டத்தின் உரிமை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாஸ்ப்ரோவுக்கு. மற்ற நாடுகளில் 'மேட்டல்' கம்பெனிக்கு. இரண்டும் சேர்ந்து 2008 ஜனவரியில், "அதை எடுத்துவிடு" என்று பேஸ்புக்குக்கு நோட்டீசு கொடுத்தன. "ஸ்கிராபுலசைக் காப்பாற்றுங்கள்!" என்று ஆட்டக்காரர்கள் திரண்டார்கள். "ஹாஸ்ப்ரோ பொம்மையை வாங்க மாட்டோம்" என்று சிலர் கிளம்பினார்கள்.

ஆனாலும் ஜூலையில் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. அங்கே ஆட்டம் நின்றது. இந்தியாவில் மேட்டல் போட்ட வழக்கில் டெல்லி ஐகோர்ட்டு 2008 செப்டம்பரில் உத்தரவு போட்டது. "ஸ்கிராபுலஸ் என்ற பெயரை வைக்கக் கூடாது" என்று தடை விதித்தது. ஆனால், 'ஆட்டப் பலகை எங்கள் காப்புரிமை' என்ற வாதத்தைக் கோர்ட்டு ஏற்கவில்லை!

சகோதரர்கள் பெயரை 'லெக்சுலஸ்' என்று மாற்றினார்கள். ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். ஆண்டு முடிவில் அமெரிக்க வழக்கும் சமரசத்தில் முடிந்தது.

பெயர் முதலாளிக்குச் சொந்தம். ஆடும் முறை ஆடுகிறவர்களுக்குச் சொந்தம். இந்த வழக்கில் தெரிய வேண்டியது அதுதான்.

நம் வீட்டுத் திண்ணையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. பல்லாங்குழிக்கு எந்தக் கம்பெனி முதலாளி? ஆடு புலி ஆட்டத்துக்கு யார் லைசென்சு கொடுத்தார்? நம் நாட்டுப் பச்சீசி ஆட்டத்தில் இருந்து பிறந்ததுதான் இங்கிலாந்தின் 'லூடோ'. 1896-ல் அங்கே அதற்குப் பேடன்ட் வாங்கினார்கள். அதனால் நம் ஊர்ப் பிள்ளைகள் தாயம் உருட்டுவது நின்றுவிட்டதா?

கப்பலும் பகிஷ்காரமும்

பகிஷ்காரம் என்ற ஆயுதம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. வெள்ளைக்காரக் கப்பலில் ஏறாதே என்று மட்டும் சொல்லி வ. உ. சிதம்பரம் பிள்ளை ஓய்ந்துவிடவில்லை. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். வேண்டாம் என்று தள்ளிய இடத்தில், வேண்டியதைக் கொண்டுவந்து வைத்தார்!

இங்கிலீஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908-ல் சிதம்பரம் பிள்ளை சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. மலிவான டிக்கெட்டைக் கண்டு மயங்காத பிரயாணிகள் இன்னும் அதிகம் இருந்திருந்தால் அவர் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பகிஷ்காரத்தால் வலி யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். 2018 மார்ச் 1-ந் தேதி முதல் தமிழ் சினிமாத் தயாரிப்பாளர்கள் புதுப் படம் வெளியிடுவதை நிறுத்தினார்கள். தியேட்டரில் படம் காட்டும் டிஜிட்டல் கம்பெனிகள் வாங்கும் கட்டணம் அதிகம் என்பது அவர்கள் குறை. பேச்சுவார்த்தை முடிந்து ஏப்ரலில்தான் மறுபடி படம் வந்தது. கட்டணம் குறைந்தது. ஆனால், தினக்கூலித் தொழிலாளர்கள் வேலை இல்லாமல் தவித்தார்கள். சண்டை போட்டவர்கள் வேறு. அடுப்பு அணைந்தது வேறு வீட்டில்!

செய்யலாமா? கூடாதா?

அப்படியானால், ஆட்டக்காரர்கள் பகிஷ்காரம் செய்தது சரியா?

சரிதான். நான்கு காரணம் உண்டு.

முதலாவது: கோரிக்கை தெளிவாக இருந்தது. "பழைய லைசென்சைத் தொடாதே." அவ்வளவுதான். "கம்பெனி ஒழிக" என்று சொன்னால், கம்பெனி எதைத் திருத்திக்கொள்ளும்?

இரண்டாவது: அடி சரியான இடத்தில் விழுந்தது. சந்தாப் பணம் நேரே கம்பெனிக்குப் போவது. அதை நிறுத்தியதும் கம்பெனிக்கு உறைத்தது. சின்னப் புத்தகக் கடைக்காரர் வயிற்றில் அடிக்கவில்லை.

மூன்றாவது: மாற்று இருந்தது. பாத்பைண்டர் போல வேறு ஆட்டங்கள் கடையில் இருந்தன. போக இடம் இல்லாதவன் கோபித்துக்கொண்டால், பசித்ததும் திரும்பி வந்துவிடுவான்.

நான்காவது: காசு கொடுத்துத் தானே ஆடுகிறவன், பிடிக்காதபோது காசை நிறுத்தலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால், கம்பெனி கேட்டதைக் கொடுத்த பிறகும் பகிஷ்காரத்தை நீட்ட வேண்டுமா? அந்த ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் இந்த ஆட்டத்தை வைத்து எடுத்த சினிமா வந்தது. "அதையும் பார்க்காதே" என்று சிலர் சொன்னார்கள். லைசென்சை எழுதியவர்களுக்கும் அந்தப் படத்தில் நடித்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டது கிடைத்தால் கையைக் கீழே போட வேண்டும். பணிந்தாலும் அடி, பணியாவிட்டாலும் அடி என்றால், அடுத்த முறை எந்தக் கம்பெனி பணியும்?

கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்கும் எழுத்தரையும் ஓவியரையும் திட்டுவது அதைவிடத் தவறு. லைசென்சை மாற்றச் சொன்னவர்கள் அவர்கள் அல்ல.

பிற்பாடு கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியதா? காப்பாற்றியது. ஆட்டத்தின் புதிய விதிகளையும் 2025 ஏப்ரலில் அதே பொது உரிமையில் வெளியிட்டது. பைசோவும் மற்றவர்களும் சொன்ன புது லைசென்சும் 2023 ஜூனிலேயே தயாராகிவிட்டது. இன்று ஆட்டக்காரனுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கதவுகள் திறந்து கிடக்கின்றன.

வீட்டுக்கு எட்டிய பாடம்

தம்மம்பட்டியில் உளி பிடிப்பவர் ஆகட்டும், வீட்டில் இருந்தபடியே படம் வரைந்து விற்கும் பெண் ஆகட்டும், போனில் விளையாட்டுக்குப் பணம் கட்டும் பையனின் தகப்பனார் ஆகட்டும், எல்லாருக்கும் இதில் சங்கதி இருக்கிறது.

பிறர் கொடுத்த உரிமையை நம்பித் தொழில் தொடங்குமுன், அந்தக் காகிதத்தை முழுக்கப் படிக்க வேண்டும். "இது எத்தனை காலம் செல்லும்? ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு?" என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். புரியாத சொல் ஒன்று இருந்தாலும், தெரிந்தவரைக் கேட்டபிறகே கையெழுத்து. காகிதத்தின் நகலைத் தேதி போட்டுப் பத்திரம் செய்ய வேண்டும்.

போனில் பணம் கட்டுமுன், மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்குமா, நிறுத்த வேண்டுமானால் எங்கே நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2023-ல் ஆட்டக்காரர்கள் ஜெயித்ததே, நிறுத்தும் இடம் எது என்று தெரிந்திருந்ததால்தான்!